பத்தாம் சுற்றில் ஜெயித்தவர்

சேம்ப் கிளார்க் என்ற பெயரைச் சொன்னால் அமெரிக்க வரலாறு படித்தவர்களே கொஞ்சம் யோசித்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். 1912-இல் அவர் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், மிஸ்ஸோரிக்காரர். அந்த வருஷம் ஜூன் கடைசியில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு பால்டிமோர் நகரத்தில், ஒரு படைப்பிரிவின் ஆயுதக்கூடத்தில் கூடியது. குடியரசுத் தலைவர் வேட்பாளராக வரப்போகிறவர் கிளார்க்தான் என்று பரவலாகப் பேச்சு. எதிரில் இருந்த குடியரசுக் கட்சியோ அப்போதைய தலைவர் டாஃப்ட் ஒரு பக்கம், முன்னாள் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு பக்கம் என்று உடைந்து கிடந்தது. ஆகவே பால்டிமோரில் யார் ஜெயிக்கிறாரோ அவருக்கு வெள்ளை மாளிகையும் ஏறக்குறைய உறுதி.

முதல் சுற்றில் கிளார்க்குக்கு 440½ வாக்கு. நியூ ஜெர்சி ஆளுநர் உட்ரோ வில்சனுக்கு 324. மீதியைப் பெரும்பாலும் ஓஹையோவின் ஹார்மனும் அலபாமாவின் அண்டர்வுட்டும் பிரித்துக்கொண்டார்கள். (அந்த அரை வாக்கு அச்சுப்பிழை இல்லை. ஒரு வாக்கை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே இருந்தது.) ஒன்பது சுற்று வரை பெரிய அசைவு இல்லை. பத்தாம் சுற்றில், நியூயார்க்கின் டாமனி ஹால் கோஷ்டித் தலைவர் மர்ஃபி தன் மாநிலத்தின் 90 வாக்கையும் ஹார்மனிடமிருந்து எடுத்து கிளார்க் கணக்கில் போட்டார். கிளார்க்குக்கு 556. மொத்தம் 1,088 வாக்கு. பாதியைத் தாண்டியாயிற்று.

ஆனால் அந்தக் கட்சிக்கு ஒரு விதி இருந்தது. வேட்பாளர் ஆக வேண்டுமானால் பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது 726. இருந்தாலும், பாதியைத் தாண்டிய ஒருவரை மற்றவர்கள் மறித்து நிறுத்தியது 1844-இல் வான் பியூரனுக்கு நடந்ததோடு சரி. அதன் பிறகு பாதியைத் தாண்டியவர்தான் கடைசியில் வேட்பாளர் ஆகியிருக்கிறார். கிளார்க்கின் ஆட்கள் ஆடிப் பாடிக் கொண்டாடினார்கள். வாஷிங்டனில் கிளார்க் செய்திக்காகக் காத்திருந்தார்.

அந்தச் செய்தி வரவே இல்லை. 46-ஆம் சுற்றில் 990 வாக்கோடு வேட்பாளர் ஆனவர் வில்சன்.

நான் பாளையங்கோட்டையில் புள்ளியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வாரநாளில் நிகழ்தகவு நடத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசித்தவன். வகுப்பில் எல்லாம் தற்செயல், கோயிலில் எல்லாம் கர்த்தருடைய சித்தம். இந்த இரண்டு ஆட்களும் ஒரே சட்டைக்குள் ரொம்ப நாள் சண்டையில்லாமல் இருந்தார்கள். சண்டையை மூட்டிவிட்டவர் கிளார்க். பத்தாம் சுற்று முடிந்த அந்த ராத்திரி, அவருக்கு இருந்த வாய்ப்பு எவ்வளவு? கேள்வி சின்னதுதான். பதில் சொல்ல உட்கார்ந்தால் தத்துவமும் வேதமும் சேர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன.

பள்ளிப் பிள்ளைகள் வட்டம் வட்டமாகப் போடும் வென் படங்களின் ஜான் வென், 1866-இல் வாய்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாதிரிமார் குடும்பம். அவரும் குருப்பட்டம் பெற்றவர். பின்னால் 1883-இல் அதை விட்டு விலகினார். அவர் கருத்தில் நிகழ்தகவு என்பது ஒரு வரிசையைப் பற்றிய பேச்சு. ஒரே மாதிரி நிகழ்ச்சி நூறு நடந்தால் எத்தனை தடவை இப்படி ஆகிறது என்பதுதான் அது. நல்லது. கிளார்க்கை எந்த வரிசையில் வைப்பது? 1844-க்குப் பின் பாதியைத் தாண்டியவர்கள் வரிசையில் வைத்தால் வாய்ப்பு நூற்றுக்கு நூறு. வில்சன் ஆட்களும் அண்டர்வுட் ஆட்களும் எந்த நிலையிலும் கிளார்க் பக்கம் சாய்வதில்லை என்று பேசி வைத்திருந்த மாநாடுகள் என்று வரிசை கட்டினால், அதில் இருப்பது இந்த ஒரே மாநாடு. ஒற்றை ஆளை வைத்து என்ன சதவீதம் போடுவது?

2016 நவம்பரில் என் பேரன் பன்னிரண்டாம் வகுப்பு. கைபேசியில் ஒரு கணிப்புத் தளத்தைக் காட்டினான். ஹிலாரி கிளின்டன் ஜெயிக்க 71 சதவீதம் வாய்ப்பு. "தாத்தா, 71 எடுத்தா பாஸ்தானே?" என்றான். 29 என்பது சும்மா போகிற எண் இல்லையடா என்று பத்து நிமிஷம் விளக்கினேன். கிளின்டன் தோற்ற மறுநாள் காலையில் அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கணிதத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனான்.

இன்னொரு வழி தாமஸ் பேய்ஸ் என்ற பிரெஸ்பிடீரியன் போதகருடையது. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஊழியம் செய்தவர். அவர் இறந்த பிறகு, 1763-இல், நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அவருடைய கட்டுரையை வெளியிட்டார். பிரைஸும் போதகர்தான். உலகத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதற்கு ஒரு காரணகர்த்தா இருக்கிறார் என்று காட்ட இந்தக் கணக்கு உதவும் என்றுகூட அவர் நம்பினார். அவர்கள் வழியில் வந்தவர்கள் சொல்வது: வாய்ப்பு வெளியில் எங்கும் இல்லை, நம் மனதில் இருக்கிறது, நமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதற்கான கணக்கு அது, புதுச் செய்தி வர வர அதைத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

பால்டிமோரில் இது கண்கூடாக நடந்தது. வில்சனின் பிரசார மேலாளர் மெக்கூம்ப்ஸ். 556 என்ற எண்ணைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று வில்சனுக்குத் தொலைபேசியில் சொன்னார். வில்சனும் தன் பிரதிநிதிகளை விடுவித்துவிடச் சம்மதித்துவிட்டார். வில்சன் அணியில் அதே எண்ணைப் பார்த்த இன்னொருவர் வில்லியம் மெக்கடூ. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் போட்ட ஆள். கிளார்க் ஏறக்கூடிய உச்சி இதுதான், இனி இறக்கம் என்று அவருக்குப் பட்டது. விடாதீர்கள் என்று பிடித்து நிறுத்தினார். எண் ஒன்று, வாசிப்பு இரண்டு. பதினான்காம் சுற்றில் நெப்ராஸ்காவின் பிரையன் எழுந்து, டாமனியின் தயவில் வருகிற ஒருவருக்கு என் வாக்கு இல்லை என்று கிளார்க்கை விட்டு வில்சனிடம் போனார். மூன்று தடவை அதே கட்சியின் வேட்பாளராக நின்று தோற்றவர் பிரையன். கட்டையைப் போட்டுத் தானே நான்காம் தடவை உள்ளே வரப் பார்த்தார் என்று கிளார்க் சாகும்வரை நம்பினார். அதன் பிறகு இண்டியானா மாறியது. அதன் ஆளுநர் மார்ஷல்தான் பின்னால் துணைத் தலைவர் வேட்பாளர். முப்பதாம் சுற்றில் வில்சன் 460, கிளார்க் 455. கடைசியில் இல்லினாயின் 58 வாக்கும் போயிற்று.

இதில் கிளார்க்கின் வாய்ப்பு எங்கே இருந்தது? அவர் உடம்பிலோ திறமையிலோ இல்லை. அவரைப் பிடித்தவர்களின் எண்ணிக்கையிலும் முழுசாக இல்லை. பெரும்பங்கு அந்த மூன்றில் இரண்டு என்ற விதியில் இருந்தது. விதியை மட்டும் பாதிக்கு மேல் என்று மாற்றிப் போட்டால், அதே ஆட்கள், அதே வெறுப்பு, அதே கோஷ்டியோடு பத்தாம் சுற்றில் கிளார்க் வேட்பாளர். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2016-இல் தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி முதல்நிலைத் தேர்தலில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். கிடைத்த பிரதிநிதிகள் 50-க்கு 50. எதிரில் நின்றவர்கள் வாக்கைச் சிதறடித்தார்கள், அந்த மாநில விதி முதலிடத்துக்கு அள்ளிக் கொடுத்தது. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தாண்டியவர்களுக்கெல்லாம் விகிதப்படி பங்கு. 2020-இல் நெவாடா முடிந்த இரவில் முன்னணியில் நின்றவர் சாண்டர்ஸ். ஒரு வாரத்தில் தென் கரோலினாவில் பைடன் ஜெயித்தார், இரண்டு நாளில் பூட்டிஜெஜும் க்ளோபுசாரும் விலகி அவருக்குத் தோள் கொடுத்தார்கள், சாண்டர்ஸின் வாய்ப்பு கரைந்துபோயிற்று. பிளவுபட்ட கட்சியில் முன்னணிக்காரரின் வாய்ப்பு என்ன என்று யாராவது கேட்டால், முதலில் விதிப் புத்தகத்தைக் கொண்டா, பிறகு இரண்டாம் மூன்றாம் இடத்துக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்று விசாரி என்றுதான் சொல்வேன். முன்னணிக்காரரின் ஜாதகம் கடைசியில்.

பிளவுபட்ட ஒரு கூட்டத்துக்கு வாக்குப் பெட்டியைத் திறக்கும் முன்பே உள்ளே ஒரு தீர்மானம் ஒளிந்திருக்கிறது, விதி அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டத்தில் இருப்பது இழுபறிதான். தீர்மானத்தைச் செய்து கொடுப்பது விதி. அந்த விதி எங்கிருந்து வந்தது? அதே கட்சி, அதே பால்டிமோர் நகரத்தில், 1832-இல் உட்கார்ந்து போட்டுக்கொண்டது. மனுஷன் போட்டது.

இப்போது வேதத்துக்கு வருகிறேன். வில்சன் பிரெஸ்பிடீரியன் போதகரின் மகன். நவம்பரில் சுமார் 42 சதவீத வாக்கிலேயே ஜெயித்துவிட்டார். எதிரணி இரண்டாகப் பிளந்து நின்றதன் புண்ணியம். அதன் பிறகு, நான் தலைவர் ஆக வேண்டும் என்று கடவுள் முன்பே நியமித்துவிட்டார், ஆகவே யாருக்கும் கடன்படவில்லை என்கிற பொருளில் அவர் தன்னிடம் சொன்னதாக மெக்கூம்ப்ஸ் பின்னாளில் எழுதினார். மெக்கூம்ப்ஸ் அப்போது மனக்கசப்பில் இருந்தவர், கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனால் வில்சனை அறிந்தவர்களுக்கு அது நம்ப முடியாத பேச்சாக இருக்காது.

எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. எங்கள் பக்கம் சேகரக் கமிட்டித் தேர்தல், அதாவது திருச்சபை நிர்வாகக் குழுத் தேர்தல், முடிந்த அன்றைக்கு வந்து பாருங்கள். முந்தின வாரம் முழுக்க யார் வீட்டில் யார் காப்பி குடித்தார் என்று கணக்கு எடுத்திருப்பார்கள். முடிவு வாசித்ததும் ஜெயித்தவர் முன்னால் வந்து, கர்த்தர் என்னைத் தெரிந்துகொண்டார் என்று சாட்சி சொல்வார். நான் பார்த்த ஒரு தேர்தலில், தோற்றவர் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து பாமாலைப் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் மட்டும் நிமிர்ந்து, சாட்சி சொன்னவரைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கர்த்தர் அவரைத் தெரிந்துகொண்டார் என்றால் என் வீட்டுக்காரரை என்ன செய்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் போதகர் ஐயரவாளாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் ஒரு தேர்தல் வருகிறது. யூதாஸின் இடத்தை நிரப்ப இரண்டு பேரை நிறுத்துகிறார்கள். ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு மத்தியாவுக்கு விழுகிறது. ஆனால் பெயர் சொல்லும்போது முதலில் சொல்லப்படுகிறவர் பர்சபா என்கிற யோசேப்பு. யுஸ்து என்று மறுபெயரும் உண்டு. பெயர்களை அடுக்கிய வரிசையைப் பார்த்தால் முன்னணியில் இருந்தவர் அவர்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பிரசங்கங்களில் மத்தியாவைப் பற்றி எவ்வளவோ கேட்டாயிற்று. பர்சபா அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அவரை வைத்துத்தான் நான் எல்லாரையும் உரசிப் பார்க்கிறேன். இது கடவுள் சித்தம் என்று ஜெயித்தவர் சொல்கிற அதே வாக்கியத்தை, அதே பொருளில், தோற்றவரும் வாயால் சொல்ல முடிய வேண்டும். ஜெயித்தவர் மட்டும் சொல்லக்கூடிய வாக்கியமாக அது இருந்தால், அதில் கடவுள் பெயர் ஓர் அலங்காரம், உள்ளே இருப்பது பெருமை. கடவுள் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்பதை நான் மறுக்கவில்லை. மடியில் போடும் சீட்டும் அவர் கையில் என்று படித்து வளர்ந்தவன் நான். ஆளுகிறார் என்று நம்புவது ஒன்று. முடிவைப் பார்த்து அவர் மனதை வாசித்துவிட்டேன் என்பது வேறு. யோபுவின் நண்பர்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள், தலைகீழாக: இவனுக்குக் கஷ்டம் வந்திருக்கிறது, ஆகவே இவன் பாவி. கடைசி அதிகாரத்தில் கடவுளே கோபித்துக்கொண்டு, நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். தோல்வியிலிருந்து கோபத்தை வாசிக்கக் கூடாது என்றால், வெற்றியிலிருந்து தயவை வாசிப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

2024 ஜூலையில் பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் சுடப்பட்டு, காதில் காயத்தோடு தப்பினார். கடவுள் தன்னை ஒரு காரியத்துக்காகக் காப்பாற்றினார் என்று 2025 பதவியேற்பு உரையிலேயே சொன்னார். உயிர் தப்பியவர் நன்றி சொல்வதை யாரும் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் முழங்கால் போட்டிருப்பேன். ஆனால் அதே துப்பாக்கிச்சூட்டில் கூட்டத்தில் இருந்த ஒருவர் இறந்துபோனார். அவர் வீட்டாரும் ஜெபிக்கிறவர்களாக இருந்திருக்கலாம். நன்றி அவர்கள் காதில் நன்றியாகவே கேட்கும். காரியத்துக்காக என்ற வார்த்தை எப்படிக் கேட்கும்?

ஜெயித்தவர்களில் இந்த உரசலில் தேறியவர் ஒருவரை எனக்குத் தெரியும். 1860-இல் சிகாகோவில் குடியரசுக் கட்சி கூடியபோது முன்னணியில் இருந்தவர் நியூயார்க்கின் சீவர்டு. முதல் சுற்றில் அவருக்கு 173½, லிங்கனுக்கு 102. மூன்றாம் சுற்றில் லிங்கன் வேட்பாளர். பிறகு வடக்குக்கும் தெற்குக்கும் போர், லட்சக்கணக்கில் சாவு. 1865 மார்ச்சில் இரண்டாம் முறை பதவியேற்றபோது வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த மேடையில் அவர், கடவுள் நம் பக்கம் என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே கடவுளிடம் ஜெபித்தது, எவர் ஜெபமும் முழுசாகக் கேட்கப்படவில்லை என்கிற பொருளில் பேசினார். தோற்கப்போகிற தெற்கத்திக்காரர் ஒருவரும் அந்தப் பேச்சைத் தன் வாயால் சொல்லியிருக்க முடியும். லிங்கன் எந்தச் சபையிலும் அங்கத்தினராகச் சேராதவர் என்பதை எங்கள் ஐயரவாளிடம் சொன்னபோது அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

என்னோடு வேலை பார்த்த தமிழ் வாத்தியார் ஒருவர் இந்த விவாதத்தைக் கேட்டுச் சிரிப்பார். "எங்க வள்ளுவர் ஊழுக்கு ஒரு அதிகாரம், ஆள்வினைக்கு ஒரு அதிகாரம் எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு சார். ரெண்டையும் ஒட்டித் தையல் போடுற வேலை உங்களுக்கு எதுக்கு?" தையல் போட எனக்கும் ஆசையில்லை. ஆனால் ஊழ் என்று சொல்லிவிட்டால் விதிப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை, அதுதான் என் தொந்தரவு.

மெக்கடூவைப் பாருங்கள். 1914-இல் வில்சனின் மகளைக் கட்டி மாப்பிள்ளை ஆனார். 1924-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவரே முன்னணிக்காரர். எதிரில் கத்தோலிக்கரான அல் ஸ்மித். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைப் பெயர் சொல்லிக் கண்டிப்பதா வேண்டாமா என்பதிலேயே கட்சி இரண்டாகக் கிழிந்திருந்தது. 69-ஆம் சுற்றில் மெக்கடூ 530 வரை போனார். அதற்கு மேல் ஏறவில்லை. 1912-இல் எந்த விதி அவர் ஆளை ஏற்றிவிட்டதோ அதே விதி இருந்த மாநாட்டில் அவர் கீழேயே நின்றுபோனார். 103-ஆம் சுற்றில், எல்லாரும் களைத்துப்போய், ஜான் டேவிஸ் என்ற மூன்றாம் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். டேவிஸ் நவம்பரில் கூலிட்ஜிடம் தோற்றார். மெக்கடூ தோற்றது யார் சித்தம் என்று யாரும் சாட்சி சொன்னதாக எங்கும் படித்ததில்லை. 1932-இல் சிகாகோவில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முதல் சுற்றிலேயே 666 தாண்டி, பாதிக்கு வெகு மேலே நின்றும், மூன்றில் இரண்டு கிடைக்காமல் தவித்தார். நான்காம் சுற்றில் கலிஃபோர்னியாவின் வாக்குகளோடு எழுந்து வந்து முடிச்சை அவிழ்த்தவர் அதே மெக்கடூ. 1924 மாதிரி இன்னொன்று வேண்டாம் என்றார்.

கிளார்க் 1920-இல் தன் தொகுதியையும் இழந்தார். 1921 மார்ச் 2 அன்று இறந்தார். வில்சன் வெள்ளை மாளிகையை விட்டு இறங்க இரண்டு நாள் இருந்தது. பதினைந்து வருஷம் கழித்து, 1936-இல், பிலடெல்ஃபியா மாநாட்டில் மூன்றில் இரண்டு விதியை எடுத்துப் போட்டார்கள். அந்த விதிமுறைக் குழுவுக்குத் தலைவர் மிஸ்ஸோரியின் செனட்டர் பென்னட் சேம்ப் கிளார்க். பத்தாம் சுற்றில் ஜெயித்தவரின் மகன். அப்பாவைக் கடவுள் கைவிட்டார் என்று அவர் சொல்லிக்கொண்டு திரியவில்லை. எந்தக் குழுவில் போய் உட்கார்ந்தால் காரியம் நடக்குமோ அங்கே போய் உட்கார்ந்தார்.

போன தடவை எங்கள் சேகரத்தில் தேர்தல் விதிகளைத் திருத்தக் கூடியபோது நானும் ஒரு யோசனை கொடுத்தேன். முடிவு அறிவித்த பிறகு ஜெயித்தவர் சாட்சி சொல்ல வேண்டாம். முடிவு ஜெபத்தைத் தோற்றவர் ஏறெடுக்கட்டும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பல தேர்தல் பார்த்த எங்கள் பெரியப்பா மகன், செல்லையா அண்ணாச்சி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்ல யோசனைதான் தம்பி. ஆனா அதுக்கப்புறம் எவனும் தேர்தல்ல நிக்க மாட்டான். எல்லாருக்கும் ஜெயிக்கிற ஜெபம் மட்டுந்தான் மனப்பாடம்."